லயத்து வீட்டுக்கு ஒரு முகவரி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, புறப்படுகிறவர் ஒவ்வொருவரிடமும் ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் அதைத் தகர டிக்கெட் என்கின்றன. தோட்டத்துக்கு உரிய எண் ஒன்று, ஆளுக்கு உரிய எண் ஒன்று, இரண்டும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டினால் போதும். அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். இடையில் நின்ற அதிகாரி எவருக்கும் அந்த ஆளின் பெயர் தேவைப்படவில்லை.

இணையத்தில் ஒரு தரவுப் பொதி ஊர் போய்ச் சேருவதும் ஏறக்குறைய இதே ஏற்பாட்டில்தான். ஐபி முகவரி என்கிற எண்ணுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முன்பகுதி எந்த வலையமைப்பு என்று சொல்லும்; பின்பகுதி அந்த வலையமைப்புக்குள் எந்தக் கணினி என்று சொல்லும். வழியில் உள்ள ரவுட்டர்கள் முன்பகுதியை மட்டும் பார்த்துப் பொதியை அடுத்த கைக்குத் தள்ளிவிடுகின்றன. கடைசி ரவுட்டர்தான் பின்பகுதியைப் படித்துக் கணினியைத் தேடுகிறது. மனிதரை எண்ணாக்கியது கொடுமை. கணினியை எண்ணாக்குவதால் யாருக்கும் வலி இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எண்ணைக் கொடுப்பவர் வேறொருவர். அதை மாற்றும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது.

இந்த அத்தியாயம் அப்படி மாறிக்கொண்டே இருக்கும் எண்ணைப் பற்றியது. அந்த எண்ணுக்கு மேல் மாறாத ஒரு பெயரை எப்படி ஒட்டுவது என்பதைப் பற்றியது.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கணினி இருக்கிறது. ராஸ்பெரி பை என்று பெயர். ஒரு சிறு எல்இடி விளக்கு எரியும் அளவு மின்சாரம் போதும். இரவும் பகலும் ஓடும். அதில் குடும்பத்தின் பழைய படங்கள் இருக்கின்றன. தொழிற்சங்கச் சந்தாப் பற்றுச்சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், அப்பத்தா பாடிய தாலாட்டைப் பதிந்த கேசட்டிலிருந்து எடுத்த ஒலிக்கோப்பு, எல்லாம் இருக்கின்றன. அதைத்தான் வீட்டு வழங்கி என்கிறேன். வழங்கி என்றதும் குளிரூட்டிய மண்டபமும் அடுக்கடுக்கான இரும்புப் பெட்டிகளும் நினைவுக்கு வரவேண்டாம். யாராவது கேட்டால் கோப்பை எடுத்துக் கொடுக்கும் எந்தக் கணினியும் வழங்கிதான்.

கேட்பவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அந்தப் பங்கீட்டில் பிரிந்த உறவுகள் தமிழ்நாட்டின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். அங்கே பலர் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தே கிள்ளினார்கள். எங்கள் வீட்டுப் படங்களில் இருப்பவர்கள் அவர்களுக்கும் தாத்தா, பாட்டி. அவர்கள் பார்க்கவேண்டும் என்பதற்காகவே அந்தக் கணினியை இணையத்தில் திறந்துவைத்தேன்.

பெரிய நிறுவனங்களின் மேகச் சேமிப்பில் போட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். போடலாம். பலருக்கு அதுவே போதும். ஆனால் அப்பத்தாவின் குரல் இருக்கும் இடத்துக்கு வாடகை கட்டத் தவறினால் அது அழியும் என்ற நிலை எனக்குப் பிடிக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்துக்குச் சொந்தமான லயத்துக் காம்பிராவில், அதாவது வரிசை வீட்டின் ஓர் அறையில், குடியிருந்த குடும்பம் எங்களுடையது. ஒரு பொருளாவது சொந்த இடத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது.

முதல் வாரம் நன்றாகப் போனது. ஐபி முகவரியைக் கோத்தகிரிக்கு அனுப்பினேன், படங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருநாள் அத்தை அழைத்தார். "நேத்து தொறந்துச்சுய்யா, இன்னைக்கு ஒண்ணுமே வரல." கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இணைப்பும் இருந்தது. எண் மாறியிருந்தது.

ஏன் மாறுகிறது? இணைய நிறுவனம் தன்னிடமுள்ள முகவரிகளை வாடிக்கையாளருக்கு நிரந்தரமாக எழுதிக்கொடுப்பதில்லை. ரவுட்டர் உயிர்பெற்றதும் "எனக்கு ஓர் எண் தாருங்கள்" என்று கேட்கும். கைவசம் உள்ள குவியலிலிருந்து ஒன்று குத்தகைக்குக் கிடைக்கும். குத்தகை என்பது நான் சேர்த்த உவமை இல்லை. இந்தத் துறையினர் வழங்கும் சொல்லே அதுதான். காலம் முடிந்தாலோ, இணைப்பு அறுந்து மீண்டாலோ வேறு எண் வரலாம். சமவெளி நகரங்களில் இது மாதக்கணக்கில் நடக்காமலும் இருக்கும். மலையில் அப்படி இல்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலானால் இடி இறங்கும். டர்பன்டைன் மரம் கம்பியில் சாய்ந்தால் கொத்மலை, டிக்கோயா, மஸ்கெலியா என்று ஒரே நேரத்தில் இருட்டாகும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் ரவுட்டர் புதிதாகப் பிறக்கிறது. கையில் புதுத் தகரம்.

இந்தத் தொல்லையைப் புரிந்துகொள்ள, இணையத்தில் பெயர் என்ற ஒன்று எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும். தொடக்கத்தில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சில நூறு கணினிகளே இருந்தன. எந்தப் பெயருக்கு எந்த எண் என்பது ஒரே ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி சேர்த்தவர் அவர்களுக்குத் தெரிவிப்பார். அவர்கள் கோப்பில் ஏற்றுவார்கள். மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். தோட்டத்தின் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு போலத்தான். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று கணக்கப்பிள்ளையின் ஒரே புத்தகத்தில் இருக்கும். முந்நூறு பேருக்கு அது சரிப்படும். மூன்று லட்சம் பேரை ஒரே செக்ரோலில் எழுதமுடியாது.

1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் அதற்கொரு மாற்றை வெளியிட்டார். டிஎன்எஸ் எனப்படும் களப்பெயர் முறைமை அதுதான். புத்தகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியை அந்தந்த இடத்துக்காரரே எழுதிக்கொள்ளட்டும் என்பது அதன் அடிப்படை. ஒரு கடித உறையை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர், மூன்றாம் லயம், பணியக் கணக்கு, தோட்டத்தின் பெயர், டிக்கோயா, இலங்கை. கோத்தகிரித் தபாலகத்தில் இருப்பவர் முதலில் பார்ப்பது கடைசி வரியை. இலங்கைக்கு வந்ததும் டிக்கோயா. டிக்கோயாவுக்கு வந்த பிறகே தோட்டத்தின் பெயருக்கு வேலை. களப்பெயரையும் கணினிகள் இப்படி வலது ஓரத்திலிருந்துதான் படிக்கின்றன. உச்சியில் 13 பெயர்களில் இயங்கும் வேர் வழங்கிகள் உள்ளன. எல்கே என்று முடியும் பெயரைப் பற்றி அவற்றிடம் கேட்டால், "எனக்குத் தெரியாது, இலங்கைப் பதிவகத்தைக் கேள்" என்று வழிகாட்டும். பதிவகம், "அந்தப் பெயரின் பொறுப்பு இன்னாரிடம்" என்று அடுத்த இடத்தைக் காட்டும். அங்கே எண் கிடைக்கும்.

இத்தனை படி ஏறி இறங்கிக் கேட்பதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், ஒருமுறை கிடைத்த விடையை வழியில் உள்ள வழங்கிகள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பெயரின் உரிமையாளரே நொடிக்கணக்கில் எழுதிவைக்கலாம். அதற்கு டிடிஎல் என்று பெயர். 86,400 என்று எழுதினால் ஒரு முழு நாள். பழைய நிறுவனங்களுக்கு அது சரி. அவர்கள் முகவரி ஆண்டுக்கணக்கில் மாறாது. இடி இடித்தால் முகவரி மாறும் வீட்டுக்கு ஒரு நாள் என்பது மிக நீளம். எண் காலை எட்டு மணிக்கு மாறியிருக்கும். அத்தையின் தொலைபேசி மறுநாள் காலைவரை பழைய எண்ணின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கதவு இப்போது முன்பின் தெரியாத ஒருவருடையதாக இருக்கலாம்.

மாறும் முகவரிக்கான டிஎன்எஸ், அதாவது டைனமிக் டிஎன்எஸ், இந்த இடத்தில்தான் உதவுகிறது. டிஎன்எஸ் பதிவுகளை மனிதர் கைபடாமல் கணினியே திருத்துவதற்கான நெறிமுறை 1997 ஏப்ரலில் ஆர்எஃப்சி 2136 என்ற எண்ணோடு வெளியானது. வீட்டுக்காரர்கள் இன்று பயன்படுத்தும் வழி அதைவிட எளியது. வீட்டுக் கணினியில் ஒரு சிறு நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கிறது. வெளியே உள்ள ஒரு தளத்திடம், "நான் உனக்கு எந்த எண்ணிலிருந்து வருவதாகத் தெரிகிறது?" என்று கேட்கிறது. போன தடவை கேட்ட எண்ணோடு ஒப்பிடுகிறது. ஒன்றாக இருந்தால் மறுபடி உறங்கிவிடும். மாறியிருந்தால், பெயரைக் காக்கும் நிறுவனத்துக்கு ஓர் இரகசியச் சொல்லோடு செய்தி அனுப்புகிறது: இந்தப் பெயருக்கு இனி இந்த எண். டிடிஎல்லை 60 நொடி என்று வைத்துவிட்டால், மின்சாரம் வந்த ஐந்தாறு நிமிடத்தில் உலகம் முழுவதும் புது எண் தெரிந்துவிடும். அத்தையின் தொலைபேசியில் இருப்பது பெயர் மட்டுமே. அதை அவர் மாற்றவேண்டியதில்லை.

நிரலை நிறுவுவது அரை மணி நேர வேலை. பெரும்பாலான ரவுட்டர்களிலேயே அதற்கென ஒரு பக்கம் இருக்கும். நிறுவிய பிறகும் பக்கம் திறக்காமல் போவதுதான் பலரைச் சோர்வடையச் செய்கிறது. எனக்கும் அதுதான் நடந்தது. பெயர் சரியாக இருந்தது, எண்ணும் சரியாக இருந்தது, கதவு மட்டும் திறக்கவில்லை. காரணம் புரிய மூன்று வாரம் ஆனது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

லயத்தில் குடியிருப்பவருக்குக் கடிதம் எப்படி வந்தது என்று நம் பெரியவர்களைக் கேளுங்கள். வீட்டு இலக்கம் கிடையாது, தெருப்பெயர் கிடையாது. தபாலகத்தைப் பொறுத்தவரை முழுத் தோட்டமும் ஒரே முகவரி. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கடிதங்களும் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து பிரித்துக் கொடுக்கப்படும். லெட்சுமி என்ற பெயரில் ஒரு பிரிவிலேயே எட்டுப் பேர் இருப்பார்கள். எந்த லெட்சுமி என்று தெரியாவிட்டால் கடிதம் மேசையில் கிடக்கும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நேர்முகத் தேர்வுக் கடிதமும் தேதி கடந்தபின் கைக்கு வந்த கதை மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு. சொந்த முகவரி வேண்டும் என்பது சம்பளக் கோரிக்கையைப் போலவே நம் மக்களின் நியாயமான கோரிக்கை. 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்கள் வீட்டு இலக்கப் பலகையை எவ்வளவு ஆசையோடு துடைத்து வைக்கின்றன என்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இணையத்திலும் அதே ஆபீஸ் இருக்கிறது. ஐபியின் நான்காம் பதிப்பில் முகவரி 32 இருமங்களால் ஆனது. ஆகவே மொத்த முகவரிகள் 429 கோடிதான். 1970களில் அது கடலளவு என்று தோன்றியிருக்கும். 2011 பிப்ரவரி 3ஆம் தேதி உலகப் பொதுக் களஞ்சியத்தில் இருந்த கடைசித் தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அடுத்த சில வாரங்களில், ஏப்ரலில், இலங்கையும் இந்தியாவும் சேர்ந்த ஆசிய பசிபிக் பகுதியின் பதிவகம் தன் கடைசித் தொகுதிக்கு வந்து, பங்கீட்டு முறைக்கு மாறியது. பிந்தி வந்தவர்களுக்கு மிச்சம் குறைவு.

பற்றாக்குறையைச் சமாளிக்க முன்பே ஒரு வழி கண்டிருந்தார்கள். வீட்டுக்குள் உள்ள தொலைபேசி, கணினி, தொலைக்காட்சி எல்லாம் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை வைத்துக்கொள்ளும். அவை அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். வெளியே போகும்போது ரவுட்டர் தன் ஒரே பொது எண்ணை அனுப்புநர் முகவரியாக எழுதி அனுப்பும். எந்தக் கடிதம் யார் எழுதியது என்று ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும். பதில் வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் கொடுக்கும். இதற்கு நாட் என்று பெயர். நாம் எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதில் சிக்கலே இல்லை. அத்தை தானாக எழுதும் கடிதத்துக்குத்தான் சிக்கல். குறிப்பேட்டில் அதற்கு முன்பதிவு இல்லை. யாருக்கு என்று தெரியாத ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிடும்.

வீட்டு ரவுட்டர் நம் கையில் இருப்பதால் இதைத் தீர்க்கலாம். "443ஆம் துறைக்கு வருவது எல்லாம் 192.168.1.20க்குப் போகட்டும்" என்று ஒரு நிரந்தர உத்தரவு எழுதிவைக்கலாம். இன்ன பெயருக்கு வந்தால் மூன்றாம் லயம் ஏழாம் காம்பிரா என்று ஆபீசில் முன்கூட்டிச் சொல்லிவைப்பது போன்றது அது. துறை என்பது 0 முதல் 65,535 வரை உள்ள ஓர் எண். பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு உரிய துறை 443.

ஆனால் ரவுட்டருக்கு மேலே இன்னொரு ஆபீஸ் இருந்தால்? மலையகத்தில் பல வீடுகளுக்கு இணையம் கம்பி வழியாக வருவதில்லை. சிம் அட்டை போட்ட 4ஜி ரவுட்டர் வழியாக வருகிறது. கைப்பேசி வலையமைப்புகளில் முகவரிப் பஞ்சம் மிகுதி என்பதால், நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைப்பது உலகெங்கும் வழக்கம். இதைப் பெருநிலை நாட் என்று சொல்லலாம். இதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் ஏறக்குறைய 42 லட்சம் முகவரிகளை ஒதுக்கிவைத்தார்கள். நம் ரவுட்டருக்குக் கிடைப்பது அந்த இடைமுகவரி; முதல் வாரம் பொது எண்ணோடு இருந்த எங்கள் ரவுட்டரும் எண் மாறியபின் இப்படித்தான் ஆனது. டைனமிக் டிஎன்எஸ் நிரல் வெளியே கேட்டு எடுத்துவருவதோ மேல் ஆபீசின் பொது எண். பெயர் அந்த எண்ணைச் சரியாகத்தான் காட்டுகிறது. அத்தையின் கடிதமும் ஆபீஸ் வாசல்வரை சரியாகத்தான் வருகிறது. அங்கே நம் உத்தரவு செல்லாது, ஏனெனில் அந்தக் குறிப்பேடு நம்முடையதல்ல. மூன்று வாரம் கழித்து இதைப் படித்தறிந்தபோது எனக்குத் தோட்டத்து ஆபீசின் மேசைதான் கண்முன் வந்தது.

ஆகவே எதையும் நிறுவுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க இணைப்புக்குக் கிடைத்துள்ள முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஐபி முகவரி எது என்று காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தைப் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களுக்குச் சொந்தக் கதவு இருக்கிறது. டைனமிக் டிஎன்எஸ் வேலை செய்யும். வேறு வேறானால், குறிப்பாக ரவுட்டரில் உள்ளது 10 என்றோ 100.64க்கும் 100.127க்கும் இடையிலோ தொடங்கினால், மேலே ஆபீஸ் இருக்கிறது.

அப்போது என்ன செய்வது? முதலில் நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டுப் பாருங்கள். சிலர் கூடுதல் கட்டணத்துக்குத் தருவார்கள். அடுத்தது ஐபியின் ஆறாம் பதிப்பு. அதில் முகவரி 128 இருமங்கள்; எண்ணிக்கை 34க்குப் பின் 37 சுழியங்கள். ஒவ்வொரு காம்பிராவுக்கும், காம்பிராவின் ஒவ்வொரு விளக்குக்கும் தனி முகவரி கொடுத்தாலும் தீராது. உங்கள் இணைப்பில் அது வருகிறதென்றால், அதே டைனமிக் டிஎன்எஸ் நிரலிடம் ஆறாம் பதிப்பு எண்ணைப் பதியச் சொல்லுங்கள். ரவுட்டரின் காவல் விதியில் அந்த ஒரு துறையைத் திறந்தால் போதும். ஒரு குறை உண்டு. கேட்பவரின் பக்கத்திலும் ஆறாம் பதிப்பு இருக்கவேண்டும்.

இரண்டும் இல்லை என்றால் மூன்றாவது வழி. அதுதான் எங்கள் வீட்டில் ஓடுகிறது. வெளியே, பொது முகவரியுள்ள ஒரு சிறு கணினியை மாத வாடகைக்கு எடுத்தேன். வீட்டுக் கணினி அதை நோக்கித் தானே ஒரு சுரங்கப்பாதை திறக்கிறது. வயர்கார்டு என்ற நிரல் இதற்குப் போதும். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது லினக்ஸின் கருவிலேயே இருக்கிறது. வெளியே போகும் கடிதத்தை எந்த ஆபீசும் தடுப்பதில்லை அல்லவா? அந்தச் சலுகையைத்தான் பயன்படுத்துகிறோம். 25 நொடிக்கு ஒருமுறை வீட்டுக் கணினி ஒரு வெற்றுப் பொதி அனுப்பிக்கொண்டே இருக்கும். மேல் ஆபீசின் குறிப்பேட்டில் நம் வரி அழியாமலிருக்க அது போதும். அத்தை வாடகைக் கணினியைத் தட்டுவார்; அது சுரங்கம் வழியாக வீட்டுக்குக் கொண்டுவரும். கோப்புகள் எங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. வாசல் மட்டும் வாடகை.

இனிப் பெயரைப் பற்றி. இலவசமாகப் பெயர் தரும் சேவைகள் பல உண்டு. பழகிப்பார்க்க அவை நல்லவை. அவற்றையே நிரந்தரமென்று நம்பவேண்டாம் என்று சொல்வதற்கு 2014ஆம் ஆண்டு ஒன்றே போதும். அந்த ஆண்டு மே மாதம், இந்தத் துறையில் முன்னோடியான டைன் நிறுவனம் தன் இலவசச் சேவையை நிறுத்தியது. ஜூன் 30ஆம் தேதி, அமெரிக்க நீதிமன்ற உத்தரவின்பேரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நோ-ஐபி என்ற சேவையின் 20க்கும் மேற்பட்ட களப்பெயர்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. தீநிரல் பரப்பியவர்களைப் பிடிப்பது நோக்கம். அவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத லட்சக்கணக்கான வீட்டுப் பெயர்களும் சில நாள் செயலிழந்தன. பெயர் அடுத்தவருடைய பெயருக்குள் ஒண்டியிருந்தால், அவர் வீட்டு வழக்கு நம் வாசலுக்கும் வரும்.

சொந்தக் களப்பெயர் வாங்குவதே என் பரிந்துரை. ஆண்டுக்கட்டணம் உண்டு, ஆகவே அதுவும் ஒருவகைக் குத்தகைதான். ஆனால் பதிவு உங்கள் பெயரில் இருக்கும்; எண்ணைக் காக்கும் சேவை பிடிக்காவிட்டால் பெயரோடு வேறிடம் போகலாம். இலங்கைக்கு உரிய எல்கே களம் 1990இல் பதிவானது. வணிக இணையச் சேவை நாட்டில் தொடங்குவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே. 2010 முதல் புள்ளி இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே முடியும் களமும் உண்டு. வழங்கிகள் உள்ளுக்குள் அதை ரோம எழுத்துச் சரமாக மாற்றித்தான் கையாள்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழே தெரியும். தோட்டத்தின் பெயரை, லயத்தின் பெயரை, நம் எழுத்தில் இணைய முகவரியாக எழுதமுடியும் என்பதை இன்னும் பலர் அறியவில்லை. பாடசாலைகளில் சொல்லிக்கொடுக்கவேண்டிய செய்தி இது.

கதவைத் திறந்தால் கள்ளரும் வருவர். எந்தத் துறையைத் திறந்தாலும் சில நிமிடங்களில் உலகின் ஏதோ மூலையிலிருந்து தானியங்கி நிரல்கள் வந்து தாழ்ப்பாளை ஆட்டிப்பார்க்கும். 2016 அக்டோபர் 21ஆம் தேதி அதே டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் வழங்கிகள் ஒரு பெருந்தாக்குதலில் திணறி, டிவிட்டர் உள்ளிட்ட தளங்கள் பல மணி நேரம் கிடைக்காமல் போயின. தாக்கியது மிராய் என்ற தீநிரல். அது படையாகத் திரட்டியது தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும். அந்தப் படையில் நம் வீட்டு ரவுட்டர் சேரக்கூடாது. கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தை வெளியே திறக்கவே திறக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழைப் போட்டுத் தொடர்பை மறைகுறியாக்குங்கள். பெயரைத் திருத்தும் இரகசியச் சொல் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தவர் உங்கள் பெயரைத் தன் கணினிக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

கடைசியாக, வீட்டில் வைத்திருப்பது ஒற்றைப் பிரதியாக இருக்கவேண்டாம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆட்களை இழந்த துயரத்துக்குப் பிறகுதான் பொருளைப் பேசவேண்டும். ஆனால் பிழைத்தவர்களுக்குத் தாய் தந்தையின் ஒரு படம்கூட மிஞ்சாத நிலையும் துயரம்தான். எங்கள் கோப்புகளின் இரண்டாம் பிரதி கோத்தகிரியில் அத்தை மகன் வீட்டு வட்டில் இருக்கிறது. வாரம் ஒருமுறை இரவில், அந்தப் பெயரைக் கேட்டு, எண்ணைத் தெரிந்துகொண்டு, புதிதாகச் சேர்ந்ததை அது தானே இழுத்துக்கொள்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களோடு மலையக ஆவணங்களையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. பொதுப் பயனுள்ள ஆவணமானால் அவர்களிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் ஏதாவது இருக்கும். பழைய சம்பளத் துண்டு, சந்தாச் சீட்டு, கப்பல் ஏறுமுன் ராமேஸ்வரம் போகும் வழியில் எடுத்த குடும்பப் படம். மலைப் பனியில் காகிதம் வேகமாகப் பூஞ்சை பிடிக்கும். வழங்கியும் பெயரும் அடுத்த மாதம் அமைக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவற்றை வெளிச்சத்தில் பரப்பி, இரண்டு பக்கமும் படம் எடுத்து, அதில் இருப்பவர்களின் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள்.